காருக்கு வந்த நல்வாழ்வு

ஓ.எம்.ஆர். அடுக்ககக் கார்களுக்கு ஒருவழியாக விடிவுகாலம் பிறந்துவிட்டது. போர்வெல் தண்ணீர் பட்டு உலர்ந்தால் கறுப்புக் காரின் பானட்டில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி விழும்; கால்சியமும் மக்னீசியமும் செய்கிற வேலை. பார்க்கச் சகிக்குமா? ஆகவே, தண்ணீரே இல்லாத கார் வாஷ். ஸ்பிரே அடித்து, சற்றுப் பொறுத்து, மைக்ரோஃபைபர் துணியால் ஒரே திசையில் பூப்போலத் துடைக்க வேண்டும். அழுத்தக் கூடாது. துணியை நாலாய் மடித்து, அழுக்கான பக்கத்தை உடனே திருப்பிக்கொள்ள வேண்டும். பச்சைக் குழந்தைக்குக்கூட யாரும் இவ்வளவு பக்குவம் பார்ப்பதில்லை.

அதே தண்ணீரில்தான் வீட்டில் எல்லாரும் குளிக்கிறார்கள். அதனாலென்ன? முடி கொட்டினால் தொப்பி இருக்கிறது. பெயின்ட் போனால் போனதுதான். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். மனிதன் பொறுத்துக்கொள்வான். செடான் பொறுக்காது.

சங்கக் கூட்டத்தில் தீர்மானமும் ஆயிற்று: கார் கழுவ இனி ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கைதட்டல் அடங்கியதும் வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்: "சார், தொடச்ச துணியெல்லாம் எதுல அலசுறது?"

கேன் தண்ணீரில் என்று முடிவாகியிருக்கிறது. போர்வெல் தண்ணீரில் அலசினால் துணி விறைத்துவிடுமாம். காருக்கு ஒரு கேன். குடிக்க வேண்டும் என்பவர்கள் கேன்காரரிடம் இப்போதே சொல்லிவைப்பது நல்லது.