மொட்டைமாடிச் சூரியனுக்கு மானியம்: கயத்தாற்று வற்றலியல் நோக்கில் ஓர் ஆய்வு

கரிசல் வட்டாரத்தில் வெயிலுக்குத் தட்டுப்பாடு வந்ததாகக் கல்வெட்டுச் சான்றோ ஓலைச்சுவடிச் சான்றோ இல்லை. ஊரில் எது கொட்டிக் கிடக்கிறதோ அதைப் பிடித்து வைப்பதற்கு அரசு ஏன் காசு தருகிறது என்ற ஐயம் டீக்கடை அறிஞர்களிடையே தீராமல் இருக்கிறது. அதைத் தீர்க்க முயல்கிறது இக்கட்டுரை.

1. ஆய்வுக்களம்

கப்பம் கட்ட மறுத்த கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிட்ட ஊர் கயத்தாறு. சரியாக 225 ஆண்டு கழித்து, 2024இல், அரசே குடிமக்களுக்குக் கப்பம் கட்டுகிறேன் என்று வந்து நிற்கிறது. வரலாற்றின் இந்தத் திருப்பத்தை ஆய்வுலகம் இதுவரை கவனிக்கவில்லை. ஊரின் காற்றைக் காற்றாலைச் சோதனை நிலையம் ஏற்கெனவே ஆராய்ந்து வருவதால், இவ்வாய்வாளருக்கு மிஞ்சியது வெயில்தான்.

2. மானியத்தின் வடிவியல்

வீட்டு மாடியில் சூரிய மின்பேனல் மாட்ட ஒன்றிய அரசு மானியம் தரும் ‘பி.எம். சூர்ய கர்’ திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக 78,000 ரூபாய். நான்காம் கிலோவாட்டிலிருந்து சூரியன் தன் சொந்தப் பொறுப்பில் உதிக்கிறான். பணத்தை முதலில் நாம் போட வேண்டும். எல்லாம் மாட்டி முடிந்த பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும்.

இதற்கு எதிர்விசை ஒன்றுண்டு. 2016 முதல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு விளக்கும் ஒரு ஃபேனும் உள்ள வீட்டில் கரண்டு பில் சைபர். சைபரை மேலும் குறைக்கும் கணிதம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே மானியம் படியேறுவது ஏசி வைத்த வீட்டு மாடிக்குத்தான். வாடகைக்குக் குடியிருப்பவருக்கோ மாடியே கிடையாது.

3. பேட்டரிப் புதிர்

பேனல் மாட்ட வரும் தம்பியிடம் களத்தில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று:

“கரண்டு போனா ஃபேன் சுத்துமா தம்பி?”

“சுத்தாதுக்கா.”

“பெறகு எதுக்கு அம்புட்டுப் பெரிய கண்ணாடி?”

தம்பியிடம் காரணம் இருக்கிறது. கம்பியில் மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டரும் நின்றுவிட வேண்டும். இல்லையென்றால் கம்பம் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியரை நம் வீட்டுச் சூரியன் அடித்துவிடும். எனவே உச்சிவெயிலில், தலைக்கு மேல் மூன்று கிலோவாட் இருக்க, குடும்பம் கீழே பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருக்கும். பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வாங்கினால் தீரும். ஆனால் வீட்டுப் பேட்டரிக்கு இத்திட்டத்தில் மானியம் இல்லை. ஆஸ்திரேலியாவிலோ 2025 ஜூலை 1 முதல் வீட்டுப் பேட்டரிக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு தள்ளுபடி. மெல்பர்னில் இருக்கும் மருமகன் இதைப் போனில் சொன்னதிலிருந்து பல வீடுகளில் மனவெட்டு ஏற்பட்டிருப்பதாகத் தெரிகிறது.

4. வற்றல் கோட்பாடு

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும், மூன்றுக்கு 300. நிழல் விழாத அதே 300 சதுர அடியில்தான் இதுநாள்வரை மோர்மிளகாயும் சீனியவரைக்காய் வற்றலும் கூழ்வற்றலும் காய்ந்தன. இங்கேதான் ஆய்வின் மையக் கண்டடைவு: வற்றலும் ஒரு பேட்டரியே. சித்திரையில் ஏற்றிய வெயிலை ஐப்பசி அடைமழைவரை வைத்திருக்கும். வயர் வேண்டாம், இன்வெர்ட்டர் வேண்டாம். கசிவு காக்கையால் மட்டுமே. பேனல் வந்ததும் இந்தப் பேட்டரி மாடியை விட்டு இறங்குகிறது. அந்தப் பேட்டரியோ மானியம் இல்லாமல் மாடிக்கு வரவேயில்லை. ஆக, வீட்டின் மொத்தச் சேமிப்புத்திறன் திட்டத்துக்குப் பிறகு குறைந்துவிடுகிறது.

துணைக் கண்டடைவு ஒன்று: சூடு கூடக்கூடப் பேனலின் திறன் இறங்கும், வற்றலின் திறன் ஏறும். ஆடிக் காற்றில் கரிசல் புழுதி இரண்டின் மேலும் சமமாகப் படியும். ஆனால் பேனலைக் கழுவக் குடிதண்ணீர் லாரி வர வேண்டும். வற்றலை உதறினால் போதும்.

5. பரிந்துரை

வீட்டுப் பேட்டரிக்கு மானியம் அறிவிக்கப்படும்வரை, பேனல் மாட்ட வருபவர் எவ்வளவு மன்றாடினாலும் மாடியின் ஒரு மூலையை மோர்மிளகாய்க்கென ஒதுக்கி வைக்க வேண்டும். அடைமழையில் கரண்டு போனால் ஃபேன் சுற்றாது. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளவாவது சேமித்த வெயில் இருக்கும். அதைப் பொரிக்க எண்ணெயும் கேஸ் சிலிண்டரும் போதும். சிலிண்டர் மானியம் தனி ஆய்வுக்கு உரியது.