படிவாதிபதிக்கு ஒரு விக்ஞாபனம்

இணையவழி விண்ணப்பப் படிவங்களைப் பரிபாலனம் செய்துவரும் மகாகனம் பொருந்திய அதிபதி அவர்களின் சமுகத்துக்கு,

தங்கள் இலாகாவின் பெயரைக் குறிப்பிடாமலே இக்கடிதத்தை எழுதுகிறேன். இதற்குப் பயம் காரணமன்று. தங்கள் படிவத்தின் குணாதிசயங்கள் அனைத்தும் பொருந்திய படிவங்களை வேறு பல காரியாலயங்களும் வங்கிகளும் கலாசாலைகளும் நிர்மாணித்து வைத்திருக்கின்றனவாகையால், இந்தக் கீர்த்தி முழுவதையும் ஒருவருக்கே உரியதாக்குவது ஏனையோருக்கு அநீதி இழைப்பதாகும் என்பதே காரணம்.

தங்கள் படிவம் பிரஜைகளிடம் கேட்கும் விவரங்கள் சொற்பமல்ல. ஆதாருக்கு 12 இலக்கம், பான் அட்டைக்கு 10 எழுத்து, கைப்பேசிக்கு 10 இலக்கம், பின்கோடுக்கு 6 இலக்கம், வங்கிக் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டுக்கு 11 எழுத்து. இவற்றுக்கு மேல் பிதாவின் நாமதேயம், நிரந்தர விலாசம், தற்கால விலாசம், விண்ணப்பிக்க நேர்ந்த காரணத்தின் சுருக்கம். இவ்வளவையும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பூர்த்தி செய்த ஒரு பெரியவர், 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டின் ஐந்தாவது ஸ்தானத்தில் எப்பொழுதும் பூஜ்யமே நிற்க வேண்டும் என்பது சம்பிரதாயம். அவரோ அந்த இடத்தில், பார்வைக்கு அதே வடிவுடைய ஆங்கில 'ஓ' எழுத்தை இட்டுவிட்டார். தங்கள் இயந்திரம் இந்த அபசாரத்தைக் கணப்பொழுதில் கண்டுபிடித்துச் சிவப்பெழுத்தில் அறிவிக்கிறது. அந்தச் சூட்சும திருஷ்டியை வியந்துகொண்டே கண்ணைச் சற்றுக் கீழே இறக்கினால், பிழையான ஓர் எழுத்தோடு பிழையற்ற மற்ற விவரங்கள் யாவும் மறைந்து, படிவம் பரம நிர்மலமாய்க் காட்சி தருகிறது. பிழையாகிய அந்த எழுத்தும் போய்விட்டபடியால், தாம் எங்கே தவறினோம் என்று பார்த்துத் திருந்தும் பாக்கியமும் பெரியவருக்கு இல்லை. குற்றத்தை நிரூபித்த மறுகணமே சாட்சியத்தைக் கொளுத்திவிடும் நியாயஸ்தலம் பூமண்டலத்தில் வேறெங்கும் உண்டா என்பது எனக்குத் தெரியாது.

வெறுமையாவது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாமல் நிகழும் ஒரு விபரீதம் உண்டு. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களையும் தாங்கள் ஆங்கில அகரவரிசையில் அடுக்கி வைத்திருக்கிறீர்கள். அவ்வரிசையில் முதலாவது அரியலூர், கடைசி விருதுநகர். விருதுநகர்வாசி ஒருவர் பட்டியலின் அடிவரை இறங்கித் தம்முடைய மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துச் சமர்ப்பித்து, வேறெதிலோ நேர்ந்த பிழைக்காகப் படிவம் திரும்பி வரும்பொழுது, தம்மை அறியாமலே அரியலூருக்குக் குடிபெயர்ந்துவிடுகிறார். காலியான பெட்டிகளை மட்டும் மறுபடியும் நிரப்புவோரின் கவனத்தில், ஏற்கெனவே நிரம்பியிருப்பதாகத் தோன்றும் அந்தப் பெட்டி படுவதில்லை. தேச வரிசையில் இதே விபத்து நேர்ந்தாலோ, கோவில்பட்டியில் பிறந்தவர் ஆப்கானிஸ்தானத்துப் பிரஜையாகிறார். இத்தனைக்கும் நடுவில், படிவத்தின் அடியிலுள்ள 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்ற உறுதிமொழிக்கு நேரே தங்கள் இயந்திரம் தானே இட்டுவைத்த சரிக்குறி மட்டும் அழியாமல் நிற்கிறது. மேலே விவரம் ஒன்றுமே இல்லாதபொழுது, அவை யாவும் உண்மை என்பதை எந்தத் தர்க்க சாஸ்திரியால் மறுக்க முடியும்?

இதைப் பற்றித் தங்கள் கணினி நிபுணர்களைக் கேட்டால், இணையத்தின் சுபாவமே அப்படித்தான் என்று சமாதானம் சொல்வார்கள். எச்.டி.டி.பி. என்னும் நெறியில் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு புதுப் பிறவி. முன் பிறவியின் ஞாபகம் அதற்குக் கிடையாது என்பார்கள். தத்துவம் மெய்தான். ஆயினும் அது இவ்விடத்துக்குப் பொருந்தாது. பெரியவர் பொத்தானை அழுத்திய அந்த ஒரே கோரிக்கையிலேதான் அவர் எழுதிய விவரங்கள் அனைத்தும் ஒருங்கே தங்கள் சர்வரின் கைக்கு வந்து சேருகின்றன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் அது சோதிக்கிறது. சோதித்த கையோடுதான் பதில் பக்கத்தையும் எழுதி அனுப்புகிறது. ஆகவே பூர்வஜன்ம ஸ்மரணை எதுவும் இங்கே வேண்டியதில்லை. தன் கையில் இருப்பதைத் தான் எழுதும் தாளில் மீண்டும் பதிக்க வேண்டும், அவ்வளவே. பிழை கண்டவுடன் ஆளை வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடுடைய படிவங்களுக்கு மாத்திரம் ஒரு சுற்று நேரத்துக்குக் கொஞ்சம் ஞாபகசக்தி வேண்டியிருக்கலாம். அதற்கும் நெட்ஸ்கேப் கம்பெனியைச் சார்ந்த லூ மாண்டுல்லி என்பவர் 1994-ஆம் ஆண்டிலேயே குக்கி என்ற உபாயத்தை வகுத்துத் தந்துவிட்டார்.

பதிக்கும் வித்தையும் பரம ரகசியமன்று. 1995-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 விதித்தொகுப்பிலேயே, ஒற்றை வரிப் பெட்டியில் ஆரம்பத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதைக் குறிக்க 'வேல்யூ' என்னும் பண்பு இடம் பெற்றிருக்கிறது. நீண்ட விண்ணப்பத்துக்குரிய பெரிய பெட்டிக்கு, அதன் தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் இடையே வாசகத்தை வைத்தால் போதும். பட்டியலானால் பிரஜை தேர்ந்த வரிக்கு நேரே 'செலக்டட்' என்றும், சரிக்குறிக் கட்டமானால் 'செக்டு' என்றும் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். பிரஜை எழுதியதை அப்படியே திருப்பி அச்சிடும்பொழுது மேற்கோள் குறிகளையும் கோண அடைப்புகளையும் தீங்கற்ற வடிவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றே எச்சரிக்கை. இல்லாவிடில் துஷ்டர்கள் விலாசத்தின் ஸ்தானத்தில் விஷநிரலைப் புகுத்திவிடக்கூடும். ஜாங்கோ, லாராவெல் முதலான ஆயத்தச் சட்டகங்களில் இந்த உபசாரத்துக்கான வசதி முன்கூட்டியே அமைந்திருக்கிறது. எனவே தங்கள் படிவத்தை இப்படித் தயாதாட்சணியமின்றி மறக்கச் செய்திருப்பவர், பிறர் செய்துவைத்த நன்மைகளை எல்லாம் ஒதுக்கித் தம்முடைய கையாலேயே ஆதியோடந்தமாகக் கட்டிய சுயமரியாதைக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் திருப்பித் தரவேண்டும் என்று நான் பேராசைப்படவில்லை. கடவுச்சொல்லைத் திருப்பி அச்சிடுவது விவேகமன்று. தேர்ந்தெடுத்த கோப்பைப் படிவம் தானே மீண்டும் நிரப்பிக்கொள்வதை உலாவிகள் பாதுகாப்பை உத்தேசித்து அனுமதிப்பதில்லை. ஏற்கெனவே வந்து சேர்ந்த கோப்பைச் சர்வரிலே பத்திரப்படுத்தி, 'தங்கள் புகைப்படம் கிடைத்துவிட்டது' என்று ஒரு வரி எழுதினால் பிரஜை திருப்தியடைந்துவிடுவான். நான் மனிதனா என்பதைக் கோணல் எழுத்துகளைக் காட்டித் தாங்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சோதிப்பதற்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை. மறதி மனித சுபாவமாகையால், அந்தப் பரீட்சையில் என்னைவிடத் தங்கள் படிவமே சுலபமாகத் தேறிவிடும் என்பதை மாத்திரம் தெரிவித்துக்கொள்கிறேன்.

பழைய தாலுகா கச்சேரி குமாஸ்தாக்களைப் பற்றி ஜனங்கள் சொல்லாத குறையில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டே பதில் சொன்னார்கள், நாளைக்கு வா என்றார்கள், மேசைக்குக் கீழே கையை நீட்டினார்கள் என்பன யாவும் மெய்யாகவே இருக்கட்டும். ஆயினும் மனுவில் ஒரு கலம் தப்பாயிருந்தால், அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சுழியிட்டு அதே தாளைத் திருப்பிக் கொடுப்பதுதான் அவர்களுடைய வழக்கமாயிருந்தது. அதைச் சுக்குநூறாகக் கிழித்தெறிந்துவிட்டு, வெள்ளைத்தாள் ஒன்றை நீட்டி, 'முதலிலிருந்து எழுது' என்று எந்தக் கடின சித்தமுள்ள குமாஸ்தாவும் சொன்னதில்லை. அவர்களுடைய தாமதத்தைப் போக்கவே தாங்கள் வந்தீர்கள். தாமதம் போகவில்லை; கச்சேரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. குமாஸ்தாவின் உத்தியோகத்தை இப்பொழுது விண்ணப்பதாரனே பார்க்கிறான், சம்பளமில்லாமல்.

உலகம் இதைச் சிறு அசௌகரியமாகக் கருதவில்லை. இணையத்தின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி மன்றம், எல்லோரும் அணுகத்தக்க வலைப்பக்கங்களுக்கான விதிகளின் 2.2-ஆம் பதிப்பை 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி வெளியிட்டபொழுது, ஒரு காரியத்தின் போக்கில் ஒருமுறை தந்த விவரத்தை அதே காரியத்தில் மறுபடியும் கேட்க நேர்ந்தால், அதைத் தானே நிரப்பிக் காட்ட வேண்டும், அல்லது தேர்ந்தெடுத்துக்கொள்ள வகை செய்ய வேண்டும் என்று, பாதுகாப்பு முதலிய சில விலக்குகளோடு, விதித்திருக்கிறது. அந்த விதியை உயர்ந்த லட்சியங்களின் வரிசையில் வைக்காமல், யாவரும் கட்டாயம் எட்ட வேண்டிய அடிமட்டப் படியாகிய 'ஏ' நிலையில் வைத்திருக்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. நடுங்கும் விரல்களால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்துபவருக்கும், எழுதியதை நெஞ்சில் நிறுத்திக்கொள்ள இயலாதவருக்கும், இரண்டாம் முறை எழுதுவதென்பது பெரும்பாலும் எழுதாமலே விட்டுவிடுவதாக முடிகிறது. அப்படி விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கும் தங்களிடம் இராது. சமர்ப்பணமாகாத விண்ணப்பம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை அல்லவா?

ஆகவே தங்கள் சமுகத்தில் என் பிரார்த்தனை இரண்டு. முதலாவது, பிழையுள்ள பெட்டியை மாத்திரம் சுட்டிக்காட்டி, பிழையையும் உள்ளவாறே நிறுத்தி, மற்றவற்றைப் பிரஜை எழுதியபடியே அவனுக்குத் திருப்பித் தரவேண்டும். அது தங்கள் கௌரவத்துக்கு இழுக்கென்று தோன்றினால், இரண்டாவதையாவது அனுக்கிரகிக்க வேண்டும்: தங்கள் மறதி பட்சபாதமற்றதாக இருக்கட்டும். என் விலாசத்தை மறக்கும் அதே இயந்திரம், நான் செலுத்த வேண்டிய கட்டணத்தைக் காசு பிசகாமல் ஞாபகம் வைத்திருக்கிறது. என் பிதாவின் பெயரை ஒரு நிமிஷம் தரித்திருக்க மாட்டாத அதே ஞாபகசக்தி, கடைசித் தேதியையும் அது கடந்துபோனால் விதிக்க வேண்டிய தாமதக் கட்டணத்தையும் ஒருநாளும் நழுவவிட்டதில்லை. இவற்றையும் சேர்த்து மறந்துவிடுவீர்களானால், தங்களை ஜீவன்முக்தர் என்று கொண்டாடுவதில் நானே முதல்வனாக நிற்பேன்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள விண்ணப்பதாரன்.

(பெயர், விலாசம் முதலிய விவரங்கள் தங்களுக்கு ஏற்கெனவே பன்முறை சமர்ப்பிக்கப்பட்டிருப்பதால் இங்கே மீண்டும் எழுதப்படவில்லை.)