பன்னிரண்டே படம்

எங்கள் வீட்டில் தலைமுறை தாண்டி வந்த பொருள்களில் எனக்கு மிகவும் பிரியமானது தாத்தாவின் அக்ஃபா கிளிக் III கேமரா. பரோடாவில் செய்தது. பேட்டரி கிடையாது. வெயில், மேகம் என்று படம் போட்டிருக்கும். வானத்தைப் பார்த்துத் திருப்பிக்கொள்ள வேண்டும். முதுகில் சின்னதாக ஒரு சிவப்பு ஜன்னல். பிலிமைச் சுற்றச் சுற்ற, அதன் பின்தாளில் அச்சிட்ட எண் அங்கே வந்து நிற்கும். 120 பிலிமில் 6×6 செ.மீ. அளவில் 12 படம். அதோடு ரோல் தீர்ந்தது.

அதனால் பொங்கலுக்கு இரண்டு, காதுகுத்துக்கு மூன்று என்று தாத்தா முன்கூட்டியே ஒதுக்கிவிடுவார். மீதி, லீவுக்கு வரப்போகும் அத்தை குடும்பத்துக்கு. கேமராவை எடுத்துவிட்டார் என்றால் பாட்டி அடுப்பை அணைத்து, முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு வாசல் வெயிலுக்கு வருவாள். "அசையாதீங்க" என்றதும் குழந்தைகள்கூட மூச்சை அடக்கும். ரோல் முடிந்து, ஸ்டூடியோவில் கழுவிப் பிரிண்ட் போட்டுத் தரும்வரை யார் எப்படி விழுந்திருக்கிறோம் என்று தெரியாது. அந்தக் காத்திருப்பால்தான் ஒவ்வொரு படத்தையும் அவ்வளவு நேரம் பார்த்தோம்.

என் மகள் ஒரே சாயங்காலத்தில் போனில் எடுக்கும் படங்கள் தாத்தா பல வருஷத்தில் எடுத்ததைவிட அதிகம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டி சிரிக்கும் படம் எங்களிடம் ஒன்றுகூடக் கிடையாது. மகளிடம் அவள் அம்மா சிரிக்கும் படங்கள் ஏராளம். ஆனால் போன் மாறும்போது எத்தனையோ போய்விடுகின்றன. பாட்டியின் நெகட்டிவ் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் போதும், தெரிகிறாள்.

1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் ஊட்டி ஆலை இப்போது ஓடவில்லை. நமக்கு அது பெரிய இழப்பு. ஆனால் 1901-ல் கோடாக் கொண்டுவந்த 120 பிலிம் இன்றும் தயாராகிறது. மகளுக்கு ஒரு ரோல் வாங்கிக் கொடுத்தேன். "பன்னிரண்டுதானாப்பா?" என்று கேட்டவள், யாரை யாரை எடுப்பதென்று உட்கார்ந்து பட்டியல் எழுதினாள்.

உங்கள் வீட்டுப் பரணில் நெகட்டிவ் இருந்தால் இறக்கிப் பாருங்கள். ஈரத்தில் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காகித உறைக்கு மாற்றுங்கள், ஸ்கேன் செய்துவையுங்கள். படத்தில் நிற்பவர்கள் யாரென்று, சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.