டீ ஆறுவதற்குள்

1967 ஆகஸ்ட். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பைக் கவுண்டியில், வறுமை ஒழிப்புத் தன்னார்வலர்களை உள்ளூர் அதிகாரிகள் ராஜதுரோக வழக்கில் பிடித்துப் போட்டார்கள். வீட்டிலிருந்த புத்தகங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே மத்திய நீதிமன்றம் அந்த மாநிலச் சட்டமே செல்லாது என்றுவிட்டது.

பாவம், தொழில் தெரியாதவர்கள். ஆரணிப் பக்கம் வந்து நம்மவர்களிடம் நாலு நாள் பயிற்சி எடுத்திருக்கலாம். இங்கே கைது எதற்கு? தறிக்குழியில் காலை விட்டுப் பட்டு நெய்கிறவர், வாங்கிய முன்பணம் தீராததால் வேறு முதலாளியிடம் போக முடியாமல் கிடக்கிறார் என்று யாராவது மனுவோடு வந்தால், “உக்காருங்க சார், டீ சாப்பிடுங்க.” டீ ஆறுவதற்குள் மூன்று கேள்விகள் வந்துவிடும்: எந்தக் கட்சி? ஃபண்டு எங்கிருந்து? சொந்த ஊர் எது? நெசவாளியின் கடன் எவ்வளவு என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். “அது அவங்களுக்குள்ள குடுக்கல் வாங்கல் சார்.”

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் சமூக சேவகர் இருவர் இருக்க வேண்டும் என்கிறது. அந்த இருவரை நியமிப்பவர்? மாவட்ட ஆட்சியர்தான். எதிர்க்கேள்வி கேட்காத சேவகருக்கு நம் ஊரில் என்றைக்குப் பஞ்சம் வந்தது? சுதந்திர தினத்தன்று பொன்னாடையும் உண்டு.

நெசவாளி வாங்கிய முன்பணம் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவரே என்கிறது அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு. மனுவோடு போகிறவர்கள் அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள்.