கூடி வேடம் கட்டுவோர் கொள்ளும் எரிச்சல்கள்: ஆலங்குளம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வெல்லை

முதலில் களத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஆலங்குளம் என்றதும் தென்காசி மாவட்டத்து ஆலங்குளத்தை நினைத்துக்கொண்டு வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். அது பெரிய ஊர். அதற்கு ஆய்வாளர்கள் தாமே கிடைப்பார்கள். நாம் எடுத்துக்கொண்டது விருதுநகர் மாவட்டத்தில், வெம்பக்கோட்டைப் பக்கம், 1970-இல் அரசு சிமெண்ட் ஆலை தொடங்கிய ஆலங்குளம்.

அடுத்து, பொருள். இரண்டு பேரோ நாலு பேரோ ஆளுக்கொரு வேடத்தை ஏற்றுக்கொண்டு, கைபேசியில் மாறி மாறி எழுதிக் கதை வளர்க்கிறார்கள். ஒருவர் அரசன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் செத்துப்போன தளபதியின் ஆவி. பிள்ளைகள் இதை ரோல்பிளே என்பார்கள். ஆய்வுக்குரிய கனம் வேண்டுமென்பதால் நாம் ‘கூடி வேடம் கட்டல்’ என்போம். இதில் ஈடுபடுவோருக்கு வரும் எரிச்சல்கள் யாவை, அவை எங்கிருந்து வருகின்றன என்பதே ஆய்வு வினா.

தொன்மைச் சான்று இல்லாத ஆய்வைத் தமிழ்நாட்டில் யாரும் மதிப்பதில்லை. பக்கத்து விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022-இல் தொடங்கிய வெம்பக்கோட்டை அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்கள் கிடைத்திருக்கின்றன. எனவே இந்த வட்டாரத்தார் நெடுங்காலமாகக் கூடி விளையாடியவர்கள் என்பது உறுதி. தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் காயைக் கலைத்துவிட்டு எழுந்து போனவர் யார் என்பதற்கு மட்டும் தடயம் இல்லை. அப்படி ஒருவர் இருந்திருப்பார். குழி இன்னும் ஆழமாகத் தோண்டப்பட வேண்டும்.

முன்னோர் வகுத்தவை

கூடி வேடம் கட்டலுக்கு முதலில் விதி எழுதியவர் தொல்காப்பியர். களவில் நேரடியாகப் பேசும் உரிமையை அவர் ஆறு பேருக்குத்தான் கொடுத்தார்: பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி. ஊராரும் அயலாரும் தந்தையும் தமையனும் வாய் திறக்கக் கூடாது. அவர்கள் இப்படிச் சொன்னார்கள் என்று மற்றவர் எடுத்துச் சொல்லலாம், அவ்வளவே. வேடம் கட்டியவரின் சொந்தப் பெயரை வெளியிடவும் அன்பின் ஐந்திணையில் தடை இருந்தது. இவ்வளவு கறாரான ஆள் இன்றைக்கு ஒரு குழுவை நடத்தினால் முதல் நாளே பாதிப் பேரை வெளியேற்றியிருப்பார். இப்போதைய நிலை என்ன? தலைவி இருட்டில் குறியிடத்துக்கு வந்து நெஞ்சு படபடக்க நிற்கிறாள். அந்நேரம் அயலார் உள்ளே புகுந்து காலை வணக்கப் படம் போடுகிறார்கள்.

ஒருதலைக் காமத்துக்கு முன்னோர் கைக்கிளை என்று தனித் திணை வைத்ததும் வீணல்ல. எழுதுகிறவர் எழுதிக்கொண்டே இருப்பார்; எதிர்ப்பக்கம் பதிலே இராது. கைபேசிக் கதைகளில் பெரும்பாலானவை கைக்கிளையில் தொடங்கிக் கைக்கிளையிலேயே முடிகின்றன. ஒருவர் சோழர் காலத்துப் போர்க்களத்தை எழுத, மற்றவர் அதே களத்துக்குள் பறக்கும் காரை ஓட்டிக்கொண்டு வருவதைப் பொருந்தாக் காமத்துக்குரிய பெருந்திணையில் அடக்கலாம்.

கூட்டு எழுத்தில் குறையே இல்லாத இணை என்று இரட்டைப் புலவர்களைச் சொல்வார்கள். ஒருவர் வெண்பாவின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர் பின்பாதியை முடித்துவிடுவாராம். இந்த ஒற்றுமைக்குக் காரணம் புலமை மட்டுமல்ல என்பது என் கருத்து. ஒருவருக்குக் கண் இல்லை, மற்றவருக்குக் கால் இல்லை; நடப்பவர் தோளில் பார்ப்பவர். கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறினால் இருவரும் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர முடியாது.

களம்

ஆனால் எரிச்சல்களைப் பழுதறக் கற்க வேண்டுமானால் ஏட்டை மூடிவிட்டு, விருதுநகர், மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் சாமி கும்பிடும்போது போடுகிற ஸ்பெஷல் நாடகத்துக்குப் போக வேண்டும். கைபேசிக்காரர்கள் தாங்கள் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் அத்தனையும் அங்கே நூறு ஆண்டுகளாக நடக்கிறது. நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து, பபூன் மூன்றாவது ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய பாட்டும் வசனமும் எல்லாருக்கும் பொதுப் பாடம். அதை நம்பித்தான் மேடை ஏறுகிறார்கள். பாட்டுக்கு நடுவே வருகிற தர்க்கம் மட்டும் அவரவர் சொந்தச் சரக்கு. முன்பின் அறியாத இருவர் இரவு முழுக்க எதிரும் புதிருமாக நின்று ஒரு கதையை விடியலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள்.

‘வள்ளி திருமணம்’ இதற்குப் பாடநூல். தினைப்புனத்தில் வள்ளி பறவை ஓட்டுகிறாள். வேடன் ஒருவன் வந்து, என் மான் இந்தப் பக்கம் வந்ததா என்கிறான். வந்தவர் முருகன் என்பது வள்ளி வேடம் போட்டவருக்குத் தெரியும்; மிருதங்கக்காரருக்குத் தெரியும்; முன்வரிசையில் பாயில் சுருண்டு தூங்கும் பயலுக்கும் தூக்கத்திலேயே தெரியும். வள்ளிக்கு மட்டும் தெரியக் கூடாது. அதுவும் மூன்று நாலு மணி நேரத்துக்குத் தெரியக் கூடாது. நடிப்பவருக்குத் தெரிந்ததை வேடத்துக்குத் தெரியாமல் காப்பாற்றுவது இந்தக் கலையின் முதல் ஒழுக்கம். நான் அறிந்தவரை கைபேசியில் மிக அதிகமாக மீறப்படுவதும் இதுதான். மந்திரவாதி கோட்டைக்குள் யாரும் அறியாமல் நஞ்சு கலந்ததை ஒருவர் எழுதி முடித்ததும், எங்கோ காட்டில் வேட்டையாடிக்கொண்டிருந்த அரசன், “பாலைக் குடிக்காதே!” என்று அங்கிருந்தே கத்துகிறான். அரசனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், உள்ளுணர்வாம்.

எரிச்சல் வகைமை

‘ம்’ என்னும் ஒற்றெழுத்து மறுமொழியைத் தனியாக ஆராய வேண்டும். தலைவி எட்டு வரி எழுதியிருக்கிறாள். மழை, ஆற்று வெள்ளம், தாய்வீட்டு நினைவு, கையில் உடைந்த வளையல் எல்லாம் அதில் இருக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் நெடுநேரம் ‘டைப்பிங்’ என்று காட்டுகிறது. பிறகு வருகிறது: ம். இதன்மேல் என்ன கட்ட முடியும்? ஸ்பெஷல் நாடக மேடையில் ‘ம்’ சொல்லிவிட்டு நின்றால் ஊர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். பேசிய தொகையில் கை வைப்பார்கள். கைபேசியில் கொட்டகையும் இல்லை, கூலியும் இல்லை. ‘ம்’ தழைத்தோங்குவதன் பொருளாதாரக் காரணம் இதுவே.

இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. நெடும்பத்திக்காரர் எழுதினால் திரையைத் தள்ளித் தள்ளி விரல் தேயும். முதல் பத்தியில் தன் குதிரையின் பிடரி மயிரைப் பாடுவார். மூன்றாம் பத்தியில் உங்கள் கதைமாந்தரையும் அவரே எடுத்துக்கொள்வார்: நீங்கள் அதிர்ந்தீர்கள், வாள் நழுவியது, காலில் விழுந்தீர்கள், மன்னித்துவிட்டார். நீங்கள் இன்னும் வாளை உறையிலிருந்து எடுக்கவேயில்லை. தர்க்கத்தில் வள்ளியைக் கேள்வி கேட்டுவிட்டு, அவர் சுருதி பிடிக்கும் முன்பே “தெரியாது என்பாய், நானே சொல்கிறேன்” என்று தானே பதிலும் சொல்லிக் கைதட்டு வாங்குகிற முருகனும் இதே இனம். எதிராளி படிக்காத புராணத்தில் எங்கோ மூலையில் கிடக்கும் பெயரைத் தேடிப் பிடித்துக் கேட்டு மடக்குகிறவர்களை இவர்களுக்குச் சித்தப்பா பிள்ளைகள் எனலாம்.

சாகாவரம் பெற்றோர் பற்றிச் சுருக்கமாக. அம்பு விட்டால் விலகிவிட்டேன் என்பார். மலையை உருட்டினால் அதன்மேல் ஏறி நின்றேன் என்பார். இவருடன் விளையாடுவதைவிட அயர்ந்து தூங்கலாம்.

பதில் தாமதம் குறித்த எரிச்சலில் மட்டும் நம் வட்டாரத்துக்கு ஒரு சிறப்பு விதிவிலக்கு கோருகிறேன். இங்குள்ள பட்டாசு ஆலைகளுக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. காலையில் கேட்டில் கொடுத்துவிட்டோ வீட்டிலேயே வைத்துவிட்டோ போகிறவர், வேலை முடிந்து கைகால் கழுவிய பிறகுதான் அதைப் பார்க்க முடியும். அதற்குள் வெளியூர்க்கார இணைவேடர், “இருக்கியா?”, “கோபமா?”, “சரி, உன் ராஜகுமாரியை நானே கொன்னுட்டேன்” என்று மூன்று கட்டமாகக் கதையை முடித்துவிட்டிருப்பார். பகல் முழுக்கப் பேசாமல் இருந்ததற்குக் காரணம் அலட்சியம் அல்ல, கந்தகம் என்று அவருக்கு யார் சொல்வது? அதே ஆலைகளில் மருந்து செலுத்தும் அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் விதி. அதை மீறிய இடங்களில் எத்தனை வீடுகளில் சாவு விழுந்திருக்கிறது என்பதை இவ்வட்டாரத்தார் நன்கு அறிவர். அது வேடிக்கைக்குரிய விஷயமல்ல. வேடம் கட்டும் குழுவுக்கும் நாலு பேர் கணக்கு போதும் என்று மட்டும் பரிந்துரைத்து நகர்கிறேன். ஐந்தாவது ஆள் வந்ததும் கதை இரண்டாக உடைவதைப் பலமுறை பார்த்தாகிவிட்டது.

வேடம் முடிந்த பிறகும் அதிலிருந்து இறங்காமை இன்னொன்று. கதையில் பகைவனாக இருந்தவன் மறுநாள் டீக்கடையிலும் முகம் கொடுத்துப் பேசமாட்டான். சங்கரதாஸ் சுவாமிகள் சனீஸ்வரன் வேடத்தோடு விடியற்காலையில் குளக்கரைக்குப் போனபோது, அங்கிருந்த பெண் ஒருத்தி அவரைக் கண்டு அஞ்சியே உயிரை விட்டதாகவும், அதன்பின் அவர் வேடம் கட்டுவதையே நிறுத்திவிட்டதாகவும் நாடக உலகில் சொல்வார்கள். எழுதிக் கொடுக்கிற ஆசிரியராகவே அவர் பின்னாளில் நிலைபெற்றார். 1918-இல் மதுரையில் பாலர்களுக்காக அவர் தொடங்கிய சபையிலிருந்துதான் அடுத்த தலைமுறை மேடைக்கு வந்தது.

ஒரு விலக்கு

கதைக்கு நடுவே கதைக்கு வெளியே உள்ளதைப் பேசுவது பலருக்கும் பிடிக்காது. எனக்கும்தான். போர் உச்சத்தில், “பரோட்டா வாங்க கடைக்குப் போறேன், வந்து வெட்டுறேன்” என்று எழுதுகிறவனை என்ன செய்வது? ஆனால் இந்த விதியை அடித்து உடைத்தவர் சிவகாசிக்காரர். 1886-இல் அங்கே பிறந்த விஸ்வநாத தாஸ், முருகனாக மேடையில் நின்றுகொண்டே, தினைப்புனத்துப் பறவை விரட்டலுக்குள் வெள்ளைக்கார ஆட்சியைக் கொக்காக்கி விரட்டுகிற பாட்டைக் கொண்டுவந்தார். ஜனங்கள் முருகனைவிட அந்தக் கொக்கைப் பார்க்கத்தான் வந்தார்கள். நோட்டீசில் பெயர் போடாத நடிகர்களாகப் போலீசாரும் மேடை ஏறினார்கள்; தாஸ் பலமுறை கைதானார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், மயில் மேல் முருகனாக அமர்ந்திருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

இவரைப் பற்றி எழுதும்போது ‘தனிப்பட்ட விருப்பம்’ என்ற சொல்லை அவ்வளவு எளிதாக விட்டுவிட முடியவில்லை. முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்ற காரணத்துக்காகவே அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மாட்டோம் என்ற ஸ்திரீபார்ட் நடிகைகள் இருந்தார்கள். முருகனின் சாதியைப் பார்க்காத மேடை, முருகன் வேடம் போட்டவரின் சாதியைப் பார்த்தது. யாரோடு வேடம் கட்டுவேன், யாரோடு மாட்டேன் என்பது அவரவர் விருப்பம் என்று இன்றும் சொல்கிறார்கள்; சொல்லட்டும். எந்த விருப்பத்துக்குள் எது ஒளிந்திருக்கிறது என்று ஆராய்வதும் ஆய்வாளன் வேலைதான்.

காரணம்

மேற்கண்ட எல்லா எரிச்சல்களையும் பிரித்துப் போட்டுப் பார்த்தால் கிடைப்பது ஒன்றே: எதிராளிக்குப் பேச இடம் விடாமை. ‘ம்’ போடுகிறவர் பேசுவதற்கு எதையும் கொடுப்பதில்லை. நெடும்பத்திக்காரர் கொடுத்ததையும் தானே தின்றுவிடுகிறார். சாகாவரக்காரர் எதையும் வாங்கிக்கொள்வதில்லை. நல்ல ஸ்திரீபார்ட் தர்க்கத்தில் செய்வதைக் கவனித்தால் இது புரியும். முருகனை மடக்கும் கேள்வியைக் கேட்பார். ஆனால் அவர் நழுவ ஒரு சந்தும் அதே கேள்விக்குள் வைத்துத்தான் கேட்பார். முருகன் அந்தச் சந்து வழியாக வெளியேறும்போது ஊரே சிரிக்கும். முழுக்க மடக்கிவிட்டால் சிரிப்பு ஒருமுறையோடு போயிற்று. விடிய இன்னும் நேரம் இருக்கிறது.

அப்படியும் ஒருவர் தடுமாறினால் மேடையில் ஆர்மோனியக்காரர் இருக்கிறார். அவருக்கு வேடம் இல்லை. ஆனால் எல்லாருடைய பாட்டும் தெரியும். வள்ளிக்கு வரி மறந்தால் பின்பாட்டாக எடுத்துக் கொடுப்பார். தர்க்கம் சண்டையாகிறது என்று பட்டால் அடுத்த பாட்டின் சுருதியை அழுத்திவிடுவார், இருவரும் பாடித்தான் ஆக வேண்டும். நடித்துப் பெயர் வாங்குகிறவர்கள் முன்னே நிற்க, நாடகத்தை ஓட்டுகிறவர் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார். கைபேசிக் குழுக்களிலும் இப்படி வேடமில்லாத ஒருவரை வைக்க வேண்டும் என்பதே இந்த ஆய்வின் ஒரே பரிந்துரை. அந்த வேலைக்கு ஆள் எடுக்கலாம் என்று பார்த்தால், அட்மினாக வருகிறவர்கள் எல்லாரும் முருகன் வேடத்தையே கேட்கிறார்கள்.