கொண்டா இப்படி, நான் பார்க்கிறேன்

வெடிக்காத ரிவால்வரைத் திருப்பிக் கொண்டுபோனால் கடைக்காரர் முதலில் வாங்கிப் பார்ப்பது ரிவால்வரை அல்ல, நம் விரலைத்தான். "டிரிக்கரை எந்த விரலால இழுக்குறீங்க சார்?" என்றான் கடைக்காரப் பையன். தீபாவளிக்கு முந்தின நாள், திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில், முன்னாலும் பின்னாலும் ஜனம் நெருக்கிக்கொண்டிருக்கும்போது, அறுபத்தெட்டு வயது மனிதனின் ஆள்காட்டி விரலைச் சந்தேகிப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று அந்தப் பையனுக்குத் தெரியாது. தெரிந்தும் கேட்டிருக்கலாம்.

பேரனுக்கு வாங்கிய கேப் துப்பாக்கி. 180 ரூபாய். நம் காலத்துத் தகரத் துப்பாக்கி இல்லை. சிவப்பு பிளாஸ்டிக் வளையத்தில் 8 பொட்டு இருக்குமே, அந்த ரகம். அசல் ரிவால்வர் போலவே உருளை சுற்றும். கைப்பிடியில் குதிரைத் தலை, குழாயில் ஷெரீஃப் நட்சத்திரம். எட்டில் மூன்று வெடித்தது. மற்ற ஐந்துக்கும் 'டிக்'. அதுவும் எந்த மூன்று வெடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எதிரில் நிற்கும் திருடனைப் பேரன் எட்டு தடவை சுட்டால் திருடன் மூன்று தடவைதான் சாக வேண்டியிருக்கிறது. திருடன் நான்தான் என்பதால் எந்த 'டிக்'குக்கு விழுவது என்கிற குழப்பம் வேறு.

பழுதான பொருளைக் கடையில் மாற்றி வாங்குவது எப்படி என்று நாலு பேருக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு வழி சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன் கோளாறு என்னவென்று புரிய வேண்டும்.

"தாத்தா, சுடல" என்று பேரன் வந்து நின்றதும் வீட்டிலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் "கொண்டா இப்படி, நான் பார்க்கிறேன்" என்று கையை நீட்டினோம். இந்த மாதிரி சமயத்தில் கையை நீட்டாதவர் யாராவது இருந்தால் அவர் இதற்கு மேல் படிக்க வேண்டாம். முதலில் மாப்பிள்ளை. அவர் எந்தக் கோளாறுக்கும் தேங்காய் எண்ணெய் போடுகிறவர். போட்டார். மூன்று வெடித்துக்கொண்டிருந்தது இரண்டாயிற்று. அடுத்து சம்பந்தி. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரானவர். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் கட்டுகிற இடம் அது. எஞ்சினுக்குப் பிறகு அவர் கையில் சிக்கிய மெஷின் இதுதான் போலிருக்கிறது. கண்ணில் அப்படி ஒரு பசி. "சம்பந்தி, பொறுங்க, வாரண்டி போயிடும்" என்றேன். "கேப் துப்பாக்கிக்கு ஏதுங்க சம்பந்தி வாரண்டி?" என்றபடியே முதல் ஸ்குருவைக் கழற்றிவிட்டார். சம்பந்தியை அதட்ட முடியுமா? தட்டு எடுத்துக்கொடுத்தேன், ஸ்குருவைப் போட.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வந்தார். எங்கள் ஊரில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது; ராணுவத்துக்கும் போலீஸுக்கும் ரைஃபிள் போகிற ஊர். அவர் அங்கே இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர். வாங்கி, காதோரம் வைத்து, டிரிக்கரை மெள்ள ஒருமுறை இழுத்தார். "டைமிங் போச்சு சார்" என்றார். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துச் சொல்கிற குரல். வீடு அமைதியாகிவிட்டது.

டைமிங் என்றால் இதுதான். டிரிக்கரை இழுத்தால் உள்ளே ஒரு நாக்கு எழும்பி, உருளையின் முதுகில் உள்ள பல்லைத் தள்ளி, எட்டில் ஒரு பங்கு சுற்ற வேண்டும். சுற்றி முடித்து, பொட்டு நேராக வந்து நின்ற பிறகுதான் சுத்தியல் விழ வேண்டும். நம்முடையதில் நாக்கின் நுனியில், அச்சில் வார்க்கும்போது ஒழுகி உறைந்த ஒரு பிசிறு. டார்ச் அடித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அது பல்லில் வழுக்குகிறது. உருளை அந்தப் பங்கில் முக்கால்வாசி சுற்றியதுமே சுத்தியலுக்கு அவசரம் தாங்கவில்லை. இரண்டு பொட்டுக்கும் நடுவில் இருக்கிற வெறும் பிளாஸ்டிக்கில் போய் விழுகிறது. 'டிக்'.

இந்த இடத்தில் சாமுவேல் கோல்ட் பற்றி இரண்டு வரி சொல்லாமல் போக முடியாது. ரிவால்வரை உலகத்தின் தலையில் கட்டிய அமெரிக்கர். 1830இல், பதினாறு வயதில், கோர்வோ என்ற கப்பலில் கல்கத்தா வந்து போனவர். வழியில் சுக்கான் சக்கரத்தையோ நங்கூரம் இழுக்கும் உருளையையோ பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சுற்றுகிற துப்பாக்கி யோசனை வந்தது, கப்பலிலேயே மரத்தில் ஒரு மாதிரி செதுக்கினார் என்று கதை. ஊர் திரும்பியதும் அப்பா காசில் ஒரு கைத்துப்பாக்கியும் ஒரு ரைஃபிளும் செய்யச் சொன்னார். கைத்துப்பாக்கி முதல் வெடியிலேயே சிதறிப்போனது. அப்பாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். 180 ரூபாய்க்கே எனக்கு அப்படி இருந்தது. பிறகு பணம் புரட்ட கோல்ட் செய்ததுதான் வேடிக்கை. 'நியூயார்க், லண்டன், கல்கத்தா புகழ் டாக்டர் கூல்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், மேடையில் ஜனங்களுக்குச் சிரிப்பு வாயு கொடுத்து வசூல் பண்ணினார். கல்கத்தாவில் ஐயா எந்த காலேஜில் வைத்தியம் படித்தீர்கள் என்று கேட்க அந்த மேடைப் பக்கம் ஒரு வங்காளியாவது இருந்திருக்க வேண்டாமா? 1836இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கம்பெனி 1842இல் படுத்தது. 1847இல் மெக்சிகோ சண்டைக்காக ராணுவம் 1,000 துப்பாக்கி கேட்டதால் பிழைத்தார். அந்தத் துப்பாக்கி ஏறக்குறைய இரண்டு கிலோ. அதிலும் சிலவற்றில் உருளை வெடித்தது. போதாததற்கு, குழாய்க்கு அடியில் மருந்து இடிக்க ஒரு நெம்புகோல் உண்டு. சுடும் அதிர்ச்சியில் அது கழன்று தொங்கி, உருளையைச் சுற்றவிடாமல் மறித்துக்கொள்ளும். குதிரைப்படைக்காரர்கள் தோல்வாரை எடுத்துக் குழாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டுச் சுட்டார்கள். ரிமோட்டின் பின்மூடிக்கு நாம் ரப்பர் பேண்ட் போடுகிறோமே, அதே வைத்தியம். கல்கத்தாவில் இறங்கியபோது இதை யாரிடமாவது கற்றுப் போயிருப்பாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம்.

இரண்டு வரி என்றேன். போகட்டும். கடைக்கு வருவோம்.

விரல் விவகாரம் முடிந்ததும் கடைக்காரப் பையனின் அடுத்த பதில்: "கேப்பு நமுத்திருக்கும் சார். வெயில்ல வைங்க." ஐப்பசி மாசம். முதல் நாள் ராத்திரி பெய்த மழையில் தெப்பக்குளத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது. எந்த வெயில்? நமுக்கவில்லை என்பதற்கு என்னிடம் சாட்சி இருந்தது. பெரியவர்கள் டைமிங் பேசிக்கொண்டிருந்தபோது பேரன் ஒரு வளையத்தைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்த் துவைக்கிற கல்லில் வைத்து, கருங்கல் துண்டால் குத்தினான். எட்டும் வெடித்தன. வரிசையாக, ஒன்றுகூடப் பிசகாமல். அவனுக்கு ஆறு வயது.

ஆனால் நமுப்பது என்பதும் சும்மா சாக்கு இல்லை. நாம் சின்ன வயதில் தகரத் துப்பாக்கியில் மாட்டிய சுருள் கேப்புக்கு முன்னோடியைச் செய்தவர் எட்வர்ட் மேனார்ட் என்ற அமெரிக்கப் பல் டாக்டர். நிஜத் துப்பாக்கிக்குத்தான் செய்தார். 1855ஆம் வருஷத்து அமெரிக்க ராணுவத் துப்பாக்கியில் அவருடைய காகிதச் சுருள்தான். ஈரத்தில் நமுத்து நமுத்துப் போய், 1861 மாடலில் கழற்றி எறிந்துவிட்டார்கள். இதைக் கடைக்காரப் பையனிடம் சொன்னேன். "அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கு" என்றான்.

சட்டத்துக்குப் போனேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பது முறையற்ற வணிகம். பில் கொடுக்காததும் அதே கணக்குதான். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணமே கிடையாது. இதையெல்லாம் நான் ஒப்பித்து முடித்ததும் பையன், "எந்தக் கடைனு எழுதுவீங்க?" என்று கேட்டான். நிமிர்ந்து பார்த்தேன். போர்டு இல்லை. ஒரு பெஞ்சு, நாலு மூங்கில், மேலே நீலத் தார்ப்பாய். எதிர்மனுதாரர் தார்ப்பாய் என்று எழுத முடியுமா? பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மைக்கு 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அது எங்கே என்றேன். "இது பொம்மை இல்ல சார், பட்டாசு ஐட்டம்." சரி, பட்டாசு என்றால் வெடிக்க வேண்டுமே? "பட்டாசு கேப்புதான் சார். இது அத வெடிக்கிற சாமான்." இந்த ரீதியில் போனால் நான்தான் பட்டாசு என்று நிரூபித்திருப்பான்.

வீட்டுக்காரிக்கு இந்தத் துப்பாக்கி மேல் குறையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம்தான் என்று சொன்னபிறகு, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு வரையறுத்தது. அதை முழு மனதோடு கடைப்பிடிக்கிற ஒரே ஆயுதம் இதுதானாம்.

சிரித்துக்கொண்டே சொல்கிறேனே தவிர, எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பெட்டியில் போடுகிறவர் யாராவது ஒரு தடவை டிரிக்கரை இழுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே. குழாய் வாங்கினால் ஒழுகுகிறதா என்று நாம் பார்க்க வேண்டும். குடை வாங்கினால் கடை வாசலிலேயே நாலு தடவை விரித்து மடக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரருக்கு இந்த வேலைக்கு மாசச் சம்பளம் கொடுத்தார்கள். நாம் கையிலிருந்து காசைக் கொடுத்துவிட்டுச் செய்கிறோம்.

கடைசியில் பையனுக்கே அலுத்துவிட்டது. அதுவரை 'சார்' என்று இருந்தவன், "பெரியவரே, வியாபார நேரம்" என்று சொல்லிவிட்டு, பெஞ்சுக்கு அடியில் கைவிட்டு, கிழிந்த அட்டைப்பெட்டி ஒன்றிலிருந்து இன்னொரு ரிவால்வரை எடுத்து நீட்டினான். அதே குதிரைத் தலை, அதே நட்சத்திரம். பழையதை அவன் திரும்பக் கேட்கவில்லை. "இதுல நாக்கு நல்லா இருக்கும், கழட்டி அதுல போட்டுக்குங்க" என்றான். வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். நாக்கு நன்றாகத்தான் இருந்தது. சுத்தியல்தான் இல்லை.

வீட்டுக்கு வந்து இரண்டையும் மேஜைமேல் வைத்தேன். சம்பந்தி அன்று சாயங்காலமே பொன்மலை கிளம்புவதாக இருந்தவர். பையைக் கீழே வைத்துவிட்டு, "உங்க வீட்ல அரம் இருக்குமா சம்பந்தி?" என்றார்.