மென்பொருள் குழுவை முடுக்கிவிடக் கைகண்ட வழிகள்

முதலில் அளக்க வேண்டும். அளக்காமல் எதைக் கூட்டுவது? வாரத்துக்கு எத்தனை வரி கோட் எழுதினார்கள் என்று ஆளுக்கொரு படிவம் கொடுங்கள். 1982-இல் ஆப்பிளின் லிசா கணினிக் குழுவில் இதைத்தான் செய்தார்கள். அந்தக் குழுவின் பில் அட்கின்சன் அந்த வாரம் ஒரு பகுதியைப் பிரித்துப் போட்டு எளிமையாகத் திருப்பி எழுதியிருந்தார். வேகம் பல மடங்கு ஏறியது, கோட் 2000 வரி குறைந்தது. படிவத்தில் '-2000' என்று போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவரிடம் படிவம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். உங்கள் குழுவில் இப்படி ஒருவர் இருந்தால் அப்ரைசலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிக்கணக்கு சரிப்படவில்லையா, வேலையின் அளவை மதிப்பிடும் ஸ்டோரி பாயின்ட்டுக்கு மாறுங்கள். போன மாதம் 3 பாயின்ட் வாங்கிய வேலை இந்த மாதம் 8 வாங்கும். வேலை அதேதான். ஆனால் ஸ்லைடில் வரைபடக் கோடு ஏறும். மேலிடம் கேட்பதும் அந்தக் கோட்டைத்தான். சரிசெய்த பக் ஒவ்வொன்றுக்கும் பரிசு என்று அறிவித்துப் பாருங்கள், பக் உற்பத்தியும் பெருகும்.

டெட்லைன் நெருங்கினால் ஆள் சேருங்கள். ஊர் கூடித்தானே தேர் இழுக்கிறோம்? ஐபிஎம்மின் ஓஎஸ்/360 இயங்குதள வேலையை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ், தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று 1975-இலேயே புத்தகத்தில் எழுதிவைத்தார். அதைப் பொருட்படுத்தாதீர்கள். தேர் வடம் பிடிக்க யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் இங்கே 5 பேர் என்றால் பேசித் தீர்க்க 10 ஜோடி, 10 பேர் என்றால் 45, 50 பேர் என்றால் 1225. பின்னே மீட்டிங் அறைகளை எதற்குக் கட்டினோம்? புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, இருப்பதிலேயே விவரம் தெரிந்தவரை உட்காரவையுங்கள். ரிலீஸ் வரை அவருக்கு வேறு வேலை ஓடாது.

கோட் எழுதித் தள்ளும் புதுக் கருவியும் வாங்கலாம். புரூக்ஸ் கணக்குப்படி கோட் எழுதுவது மொத்தக் காலத்தில் ஆறில் ஒரு பங்கு. அதை ஒரே நொடியில் முடித்தாலும், என்ன செய்வதென்று திட்டமிடுவதும் டெஸ்டிங்கும் மீதி ஐந்து பங்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இருந்தாலும் கருவி வாங்கியதைச் சொல்லிக்கொள்ளலாமே.

ஒன்றை மட்டும் மறந்தும் செய்துவிடாதீர்கள். கிளையன்ட்டைக் கூப்பிட்டு, "இந்த வசதி உங்களுக்கு நிஜமாகவே தேவையா?" என்று கேட்காதீர்கள். அவர் யோசித்து, "தேவையில்லை" என்று சொல்லித் தொலைத்தால் மூன்று மாத வேலை ஒரே போன்காலில் முடிந்துவிடும். அந்த மூன்று மாதத்துக்கு எப்படி பில் போடுவீர்கள்?